யார் செய்தது என்று கேட்காத கூட்டம்

யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்வார்கள். சறுக்கிய பிறகு யானை என்ன செய்யும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. எழுந்து நடக்குமா? பாகனை முறைக்குமா? இல்லை, சறுக்கிய இடத்தில் என்ன கிடந்தது என்று திரும்பிப் பார்க்குமா? கடலூரிலும் சிதம்பரத்திலுமாக இருந்துகொண்டு வலைத்தளம் செய்துகொடுக்கும் ஒரு சின்னக் குழுவுக்கு இந்தக் கேள்வி ஓர் ஆனித் திருமஞ்சனத்தின்போது வந்து சேர்ந்தது. பதில் கிடைக்க ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது.

குழு என்றால் பெரிய அலுவலகம், ஏ.சி. அறை என்று நினைத்துவிடாதீர்கள். மொத்தமே நான்கு பேர். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இரண்டு பேர். ஒருவர் பி.காம். முடித்து, பகலில் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் அக்கா. பில், வரவு செலவு, வாடிக்கையாளரோடு பேசுவது எல்லாம் அவர் பொறுப்பு. இன்னொருவர் முன்பு ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் டிசைன் செய்துகொண்டிருந்தவர். நிறம், படம், எழுத்து எல்லாம் அவர் கை. சிதம்பரத்தில் இரண்டு பேர். ஒருவர் இன்ஜினியரிங் முடித்தவர், கோட் எழுதுபவர். நான்காவது ஆள் கல்லூரி மாணவன். விவரங்களைத் தட்டச்சு செய்து தளத்தில் ஏற்றுவது அவன் வேலை. அந்த வருமானத்தில்தான் தேர்வுக் கட்டணம் கட்டுகிறான். மற்ற மூவருக்கும் அவன் 'தம்பி'.

இரண்டு ஊருக்கும் நடுவே ஏறக்குறைய 45 கிலோமீட்டர். சந்திப்பதே அபூர்வம். எல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான். மளிகைக்கடை, கிளினிக், கல்யாண மண்டபம் என்று சின்னச் சின்ன வேலைகள். வந்த பணத்தைப் பிரித்துக்கொள்வார்கள். வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சறுக்கிய இடம்

சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனமும் மார்கழி ஆருத்ரா தரிசனமும் எப்படிப்பட்ட நாட்கள் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தேர் ஓடும் நாளில் நான்கு வீதிகளிலும் கால் வைக்க இடம் இருக்காது. லாட்ஜ்காரர்களுக்கு வருடத்தின் பாதி வருமானம் அந்தச் சில நாட்களில்தான் என்று சொல்வார்கள். அப்படி ஒரு லாட்ஜுக்கு இவர்கள் புதிதாகத் தளம் செய்து கொடுத்தார்கள். திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்பே திறந்துவிட்டார்கள். பார்க்க அவ்வளவு அழகு! கோபுரப் படம், அறைகளின் படம், வாடகை விவரம், கீழே பெரிதாக ஒரு தொலைபேசி எண்.

அந்த எண் தப்பு.

தப்பு என்றால் ஏதோ ஓர் இலக்கம் மாறியதல்ல. லாட்ஜ்காரர் எப்போதோ விட்டுவிட்ட பழைய எண். விட்ட எண்ணைத் தொலைபேசி நிறுவனங்கள் கொஞ்ச காலம் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும் அல்லவா? இந்த எண் நெய்வேலிப் பக்கம் ஒரு பெரியவர் கையில் இருந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு "சார், டபுள் ரூம் ஏ.சி. இருக்கா?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? முதல் இரண்டு நாள் பொறுமையாக 'ராங் நம்பர்' என்றார். மூன்றாம் நாள் முதல் சொன்னதை இங்கே எழுத முடியாது.

திருவிழா முடிந்தது. வருடா வருடம் வெளியூரிலிருந்து போன் போட்டு முன்கூட்டியே அறை பிடிக்கும் கூட்டம் அந்த வருடம் வேறு லாட்ஜுகளுக்குப் போய்விட்டது. நேரில் வந்தவர்களால் கீழ்த்தளம் நிரம்பியது. மூன்றாம் மாடி அப்படியே காலி. "தேர் அன்னிக்கு சிதம்பரத்துல ரூம் காலின்னு சொன்னா யாராச்சும் நம்புவாங்களா?" என்று லாட்ஜ்காரர் அக்காவிடம் கேட்டார். கோபத்தில் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் மெதுவாகத்தான் கேட்டார். மீதிப் பணம் தரமாட்டேன் என்றும் மெதுவாகத்தான் சொன்னார்.

அன்றிரவு வாட்ஸ்அப் குழு பற்றி எரிந்தது. முதல் கேள்வியே "யாரு போட்டது அந்த நம்பரை?" என்பதுதான். விடை எல்லோருக்கும் தெரியும். தட்டச்சு செய்தவன் தம்பி. "ஒரு நம்பரைப் பார்த்து அடிக்கத் தெரியாதா?" என்று ஒருவர். "சின்னப் பையன்கிட்ட கொடுத்தா இப்படித்தான்" என்று இன்னொருவர். பத்து நிமிடத்தில் தம்பி குழுவை விட்டு வெளியேறிவிட்டான். மறுநாள் அக்காவுக்குத் தனியாக ஒரு செய்தி மட்டும் அனுப்பினான்: "அக்கா, லாட்ஜ்காரர் தராத பணத்தை என் பங்குல பிடிச்சுக்கோங்க. இனிமே நான் வரலை."

இந்த இடத்தில் கதை முடிந்திருக்கும். பெரும்பாலான குழுக்களில் இப்படித்தான் முடிகிறது. தவறு செய்தவர் என்று ஒருவர் கிடைத்துவிட்டார், அவர் போயும்விட்டார், விவகாரம் தீர்ந்தது! அடுத்த லாட்ஜுக்கும் அதே மாதிரி எண் தப்பாகப் போகும். அப்போது தட்டச்சு செய்தவர் வேறொருவராக இருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.

புதுச்சத்திரம் டீக்கடை

அக்கா விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நால்வரும் நேரில் சந்திக்க வேண்டும் என்றார். எங்கே? கடலூரா, சிதம்பரமா என்று அதிலேயே ஒரு வாக்குவாதம். இரண்டுக்கும் நடுவில் புதுச்சத்திரத்தில் ஒரு டீக்கடை என்று முடிவானது. யாருக்கும் அதிக அலைச்சல் இல்லை, யாரும் யார் வீட்டு வாசலுக்கும் போய் நிற்க வேண்டியதில்லை. தம்பியை மட்டும் அக்காவே மூன்று முறை கூப்பிட்டு வரவழைத்தார்.

அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு விதியும் கொண்டுவந்திருந்தார். "இன்னிக்கு 'யாரு'ங்கிற வார்த்தையை யார் சொன்னாலும் எல்லாருக்கும் டீ வாங்கித் தரணும்." சொல்லி முடித்ததும் இன்ஜினியர் சிரித்துவிட்டார். "அக்கா, நீங்களே ரெண்டு தடவை சொல்லிட்டீங்க." முதல் டீ அக்கா கணக்கில்.

பிறகு அவர் நோட்டில் கோடு போட்டு, வேலை ஆரம்பித்த நாளிலிருந்து தளம் திறந்த நாள் வரை என்னென்ன நடந்தது என்று ஒவ்வொன்றாக எழுதச் சொன்னார். கருத்து வேண்டாம், நடந்தது மட்டும். எழுத எழுதத்தான் தெரிந்தது.

லாட்ஜ்காரர் முதல் நாள் கொடுத்தது பழைய விசிட்டிங் கார்டு. புது எண்ணைப் பின்பக்கம் பேனாவில் எழுதியிருந்தார். ஃப்ளெக்ஸ்காரர் கார்டின் முன்பக்கத்தை மட்டும் படம் எடுத்துக் குழுவில் போட்டார். நான்கு நாள் கழித்து லாட்ஜ்காரர் அக்காவுக்குப் போன் செய்து, 'கார்டுல இருக்கறது பழைய நம்பர்மா' என்று சொல்லிப் புது எண்ணைக் கொடுத்தார். அன்று தேதி 20, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் நெருக்கடி. அக்கா அவசரத்தில் எழுதாமல், குரல் பதிவாகக் குழுவில் பேசி அனுப்பிவிட்டார். அதே நேரம் குழுவில் பேனர் மஞ்சளா சிவப்பா என்று ஒரு பெரிய சண்டை. அறுபது செய்திகளுக்கு அடியில் அந்தக் குரல் புதைந்துபோனது. தம்பி கார்டின் படத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்தான், ஓர் இலக்கம் பிசகாமல். இன்ஜினியர் மூன்று செல்போன்களில் தளத்தைத் திறந்து, படம் சரியாக வருகிறதா என்று பார்த்தார். அந்த எண்ணுக்கு ஒரு போன் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

நோட்டு நடுவில் கிடந்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அக்காதான் முதலில் பேசினார். "குரல்ல அனுப்பினது என் தப்பு. எழுதி அனுப்பியிருந்தா இவன் பார்த்திருப்பான்." அடுத்து ஃப்ளெக்ஸ்காரர், "கார்டைத் திருப்பிப் பார்க்கலை நான்" என்றார். அதுவரை தலை குனிந்திருந்த தம்பி அப்போதுதான் வாய் திறந்தான். "கார்டுல இருந்ததைத்தான் அடிச்சேன்கா. நம்பர் மாறினதே எனக்குத் தெரியாது."

ஒரே ஒருவனின் கவனக்குறைவு என்று நினைத்தது நான்கு கைகள் மாறி வந்த பிழையாக இருந்தது. அதைவிட முக்கியம், வாட்ஸ்அப்பில் 'யார்' என்று கேட்டபோது இதில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. 'எப்படி' என்று கேட்டபோது அரை மணியில் எல்லாம் வந்துவிட்டது.

வணிகவியல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. இருப்பாய்வு இரண்டு பக்கமும் சமமாக வந்துவிட்டது என்பதற்காகக் கணக்கில் பிழையே இல்லை என்று சொல்லிவிட முடியாது என்பது பதினோராம் வகுப்புப் பாடம். ஒரு நடவடிக்கையை எழுதாமலே விட்டிருந்தால் அது விடுபிழை. ஒரு பிழையை இன்னொரு பிழை மறைத்திருந்தால் ஈடுசெய் பிழை. இருப்பாய்வு இவை எதையும் காட்டிக்கொடுக்காது. லாட்ஜ் தளமும் அப்படித்தான். மூன்று செல்போனிலும் அழகாகத் திறந்தது, 'சமமாக' வந்தது. உள்ளே விடுபிழை உட்கார்ந்திருந்தது. பிழைத் திருத்தம் என்ற பாடத்தில் எந்த ஏட்டில், எந்தப் பதிவில் தவறு நுழைந்தது என்றுதான் கேட்பார்கள். எழுதிய குமாஸ்தாவின் பெயரை எந்தக் கேள்வித்தாளும் கேட்டதில்லை!

இதற்கு உலகத்தில் பெயர் உண்டு

டீக்கடையில் நடந்ததற்கு மென்பொருள் நிறுவனங்களில் 'ரெட்ராஸ்பெக்டிவ்' என்று பெயர். சுருக்கமாக ரெட்ரோ. திரும்பிப் பார்க்கும் கூட்டம். நார்மன் கெர்த் என்ற அமெரிக்கர் 2001-ல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். அவர் சொன்ன முதல் விதியின் சாரம் இதுதான்: அன்றைக்கு அவரவருக்குத் தெரிந்திருந்தது, கையில் இருந்த வசதி, சூழ்நிலை இவற்றை வைத்துப் பார்த்தால் எல்லோரும் தங்களால் முடிந்த அளவு நன்றாகத்தான் செய்தார்கள் என்று நம்பிக்கொண்டு கூட்டத்தை ஆரம்பிக்க வேண்டும். கேட்கும்போது ரொம்ப நல்லபிள்ளைத்தனமாக இருக்கும். தம்பியின் விஷயத்தில் அது அப்படியே உண்மையாக இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

அதே 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி 'அஜைல்' அறிக்கையை எழுதினார்கள். அதனுடன் 12 கொள்கைகள். குழு குறிப்பிட்ட இடைவெளியில் தன் வேலை முறையைத் தானே பரிசீலித்துத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது அதில் கடைசிக் கொள்கை. கணினிக்காரர்களுக்கு முன்பே ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலையில் இந்தப் பழக்கம் இருந்தது. ஒரு கோளாறு வந்தால் 'ஏன்' என்று ஐந்து முறை கேட்பார்கள். முதல் 'ஏன்' பெரும்பாலும் ஓர் ஆளிடம் போய் நிற்கும். ஐந்தாவது 'ஏன்' ஒரு முறையிடம் போய் நிற்கும்.

பெரிய வலைத்தளம் ஒன்று இப்படி எழுந்த கதையும் உண்டு. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ் 2013 அக்டோபர் 1-ல் திறக்கப்பட்டது. கோடிக்கணக்கான டாலர் செலவு, ஏகப்பட்ட ஒப்பந்த நிறுவனங்கள். முதல் நாளில் அதில் வெற்றிகரமாகக் காப்பீடு எடுத்தவர்கள் ஆறே பேர்! நாடே சிரித்தது. மீட்க வந்தவர்களில் கூகுளில் இருந்து வந்த மைக்கி டிக்கர்சன் என்பவரும் ஒருவர். அவர் தினமும் நடத்திய கூட்டங்களுக்கு மூன்று விதிகள். ஒன்று, இந்த அறை சிக்கலைத் தீர்க்க மட்டும், பழி போட வேறு இடங்கள் நிறைய இருக்கின்றன. இரண்டு, பதவி பெரியவர் பேசக்கூடாது, விஷயம் தெரிந்தவர் பேச வேண்டும். மூன்று, அடுத்த ஒன்றிரண்டு நாளில் நம்மைக் கவிழ்க்கப் போவது எதுவோ அதை மட்டும் பேச வேண்டும். சில வாரங்களில் தளம் நிமிர்ந்தது. 2014 ஏப்ரலுக்குள் அந்தத் தளமும் மாநிலங்களின் தளங்களும் சேர்ந்து ஏறக்குறைய 80 லட்சம் பேர் பதிவு செய்துகொண்டார்கள்.

இரண்டாவது விதியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். டீக்கடையில் கடைசியாகப் பேசியவன் தம்பி. பேசவே கூடாது என்று எல்லோரும் நினைத்திருந்தவனும் அவன்தான். ஆனால் என்ன நடந்தது என்பது அதிகம் தெரிந்தவன் அவன் ஒருவனே.

தமிழிலேயே ஒரு முன்மாதிரி

வெளிநாட்டுக் கதைதான் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு மதுரைத் திட்டம் இருக்கிறது. 1998 பொங்கல் அன்று தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்நின்று நடத்தினார். பல நாடுகளில் சிதறிக் கிடந்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் ஒருவர் முகம் ஒருவர் பார்க்காமலே, தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக இணையத்தில் வைத்தார்கள். அங்கே ஒரு மின்னூலைத் திறந்தால் முகப்பிலேயே இரண்டு விவரம் இருக்கும். தட்டச்சு செய்தவர் பெயர் ஒன்று, பிழை திருத்தியவர் பெயர் ஒன்று. பெரும்பாலும் இரண்டும் வேறு வேறு ஆட்கள். தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது என்பதை அவர்கள் வேலை முறையாகவே ஆக்கிவிட்டார்கள்.

அதோடு நிற்கவில்லை. ஒரே ஆள் ஒரு பெரிய நூல் முழுவதையும் அடிப்பது பெரும் சுமை. அதனால் நூலின் பக்கங்களை வருடிப் படமாக்கி, பலருக்கும் சில பக்கங்களாகப் பிரித்துக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். எழுத்துக் குறியீட்டிலும் அப்படித்தான். முதலில் ஒரு எழுத்துரு, பிறகு தகுதரம் என்ற திஸ்கி, பிறகு யூனிகோடு என்று காலம் மாற மாற, பழைய நூல்களையும் புது முறைக்கு மாற்றினார்கள். கட்டம் கட்டமாகத் தெரிந்த தமிழை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து வெறித்துப் பார்த்த தலைமுறைக்கு இந்த வேலையின் அருமை தெரியும்.

இன்னும் பின்னால் போனால் சிதம்பரத்துக்கே வந்துவிடலாம். 1864-ல் அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், பிழையில்லாத பதிப்புகளுக்குப் பேர் போனவர். ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்து, அச்சுப்படியைத் திரும்பத் திரும்பத் திருத்தியவர். அச்சுக்கோர்ப்பவரைத் திட்டினால் மட்டும் நல்ல பதிப்பு வந்துவிடாது. திருத்துவதற்கென்று ஒரு படி, அதற்கென்று நேரம், அதற்கென்று ஒரு கண், இவை இருந்தால்தான் வரும்.

மாற்றியது என்ன?

மீண்டும் புதுச்சத்திரம். இரண்டாவது டீ முடிவதற்குள் நால்வரும் நான்கு முடிவுகளை நோட்டில் எழுதினார்கள்.

ஒன்று, இனி வாடிக்கையாளர் விவரம் எல்லாம் ஒரே தாளில். பெயர், முகவரி, தொலைபேசி, நேரம், விலை எல்லாவற்றையும் அவரே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மாற்றம் வந்தால் அந்தத் தாளில்தான் மாற வேண்டும், குரல் பதிவில் அல்ல. இரண்டு, சிதம்பரத்தில் ஏற்றியதைக் கடலூரில் சரிபார்க்க வேண்டும், கடலூரில் செய்ததைச் சிதம்பரத்தில். எண் இருந்தால் அதற்குப் போன் போட வேண்டும். மூன்று, திறக்கும் நாளில் வாடிக்கையாளர் தன் சொந்த செல்போனில் பார்த்து 'சரி' என்று எழுதி அனுப்ப வேண்டும். நான்கு, இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, முக்கால் மணி நேரம், இதே டீக்கடை.

ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயரும் ஒரு தேதியும். 'யார்' என்ற வார்த்தை இங்கேதான் தேவைப்பட்டது. தவறுக்குப் பெயர் எழுதவில்லை, திருத்தத்துக்குப் பெயர் எழுதினார்கள். பழி போடாதே என்று சொன்னால் பொறுப்பே கிடையாது என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு, இது வேறு. பொறுப்பு இல்லாத கூட்டம் வெறும் அரட்டையாகத்தான் முடியும்.

லாட்ஜ்காரரின் மீதிப் பணத்தை யார் பங்கிலும் பிடிக்கவில்லை. குழுவின் நட்டமாகவே எழுதினார் அக்கா. தம்பி மறுபடி குழுவில் சேர்ந்தான்.

கூட்டமே சறுக்கிய கதை

'அதன் பிறகு எல்லாம் சுபம்' என்று முடித்தால் நன்றாக இருக்கும். உண்மை அப்படி இல்லை.

முதல் மூன்று கூட்டங்கள் நன்றாக நடந்தன. அடுத்து மழை வந்தது, பஸ் கிடைக்கவில்லை, ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்குத் தேர்வு. வந்தவர்களும் "எல்லாம் நல்லாத்தான் போகுது" என்று சொல்லிவிட்டு வடை சாப்பிட்டுக் கிளம்பினார்கள். சரிபார்க்கும் பட்டியல் மட்டும் ஒவ்வொரு கூட்டத்திலும் வளர்ந்துகொண்டே போனது. தீபாவளி வந்தபோது அதில் 31 வரிகள்.

தீபாவளிக்கு ஓர் இனிப்புக் கடையின் தளம். அரைக் கிலோ மைசூர்பாகின் விலை ஒரு கிலோவுக்கு எதிரே போய் உட்கார்ந்துவிட்டது. கடைக்காரர் நல்ல மனிதர், 'போட்ட விலைதான் விலை' என்று அன்று வந்த ஆர்டருக்கெல்லாம் அதே விலையில் கொடுத்துவிட்டு வித்தியாசத்தை இவர்களிடம் வாங்கிக்கொண்டார். நியாயம்தானே! பட்டியலை எடுத்துப் பார்த்தால், 'விலை சரிபார்த்தாயிற்று' என்ற வரிக்கு எதிரே அழகாக ஒரு டிக். 31 டிக்கும் ஒரே இழுப்பில் போட்டது போல ஒரே சாய்வில் இருந்தன.

இந்த முறை தட்டச்சு செய்தவர் அக்கா. டிக் போட்டவர் இன்ஜினியர். தம்பிதான் நோட்டை எடுத்தான். "இதுல எந்த வரியை நிஜமா படிச்சுப் பார்த்தீங்க அண்ணே?" என்று கேட்டான். கேள்வியில் குத்தல் இல்லை. இன்ஜினியர் யோசித்து, "மேல இருக்கற அஞ்சாறு. அதுக்கப்புறம் கண்ணு தானா ஓடிடுதுடா" என்று ஒப்புக்கொண்டார். மூன்று மாதத்தில் அந்தக் குழுவுக்குக் கிடைத்த மிக முக்கியமான தகவல் அதுதான். ஆறுமாதத்துக்கு முன்பு இருந்த வாட்ஸ்அப் குழுவாக இருந்தால் அவர் இதை ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டார்.

பட்டியலை ஏழு வரியாக வெட்டினார்கள். புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் பழையதில் ஒன்றை எடுக்க வேண்டும். அத்தோடு கூட்டத்தையே ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். எஸ்தர் டெர்பியும் டயானா லார்சனும் 2006-ல் எழுதிய புத்தகத்தில் இந்தக் கூட்டத்துக்கு ஐந்து படிகள் சொல்கிறார்கள்: சூழலை அமைத்தல், தகவல் திரட்டல், காரணம் தேடல், என்ன செய்வது என்று முடிவு எடுத்தல், முடித்தல். இவர்கள் இரண்டாவது படியையும் மூன்றாவது படியையும் விட்டுவிட்டு நேராக முடிவுக்குத் தாவிக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் பட்டியல் வீங்கியது. ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு வரி, ஆனால் எந்தக் கோளாறுக்கும் காரணம் தெரியாது.

இப்போது கூட்டத்தின் முதல் கேள்வி 'என்ன தப்பு நடந்தது' அல்ல. 'போன தடவை முடிவு செய்தது நடந்ததா, நடந்ததால் ஏதாவது மாறியதா?' என்பதுதான். பிறகு ஒரே ஒரு மாற்றம். இரண்டு கிடையாது. மழைக்காலத்தில் செல்போனிலேயே கூட்டம், ஆனால் நோட்டு உண்டு. மாதத்தில் ஒருமுறை கட்டாயம் டீக்கடை. செலவு அதிகம் என்று ஃப்ளெக்ஸ்காரர் ஒருமுறை முணுமுணுத்தார். நான்கு பேர் பஸ் கட்டணம், டீ, வடை, முக்கால் மணி நேரம் எல்லாவற்றையும் கூட்டி, லாட்ஜ்காரர் தராமல் போன தொகைக்கு எதிரே அக்கா எழுதிக் காட்டினார். ஒரு வருடக் கூட்டச் செலவை ஒரே ஒரு தப்பு எண் தின்றிருந்தது. அதற்குப் பிறகு அவர் முணுமுணுக்கவில்லை.

மறு வருடம்

அடுத்த ஆனி மாதம். பழைய லாட்ஜ்காரர் திரும்ப வரவில்லை. அக்கா நேரில் போய், என்ன நடந்தது, இனி எப்படிச் செய்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அவர் வாங்கிப் படித்தார், காபி கொடுத்தார், வேலை கொடுக்கவில்லை. சில நட்டங்கள் திரும்புவதில்லை. அதையும் கணக்கில் எழுதித்தான் ஆக வேண்டும்.

வேறொரு லாட்ஜ் வந்தது. தளம் திறப்பதற்கு முதல் நாள், கடலூரில் இருந்து ஃப்ளெக்ஸ்காரர் அதிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டார். "லாட்ஜுங்க, சொல்லுங்க" என்று பதில் வந்தது. ஏழாவது வரிக்கு எதிரே டிக்.

அன்றைக்குத் தம்பி வேறொரு எண்ணுக்குப் போன் செய்தான். நெய்வேலிப் பெரியவருக்கு. போன வருடமே கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை ஒரு வருடம் கழித்துக் கேட்டான். திட்டு விழும் என்று காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தான். பெரியவர் சிரித்துவிட்டு, "அட போப்பா... இப்பல்லாம் ஒருத்தரும் கூப்பிடறதில்லை. ராத்திரியில போரடிக்குது" என்றாராம்.

அந்த நாற்பது பக்க நோட்டு இப்போது தம்பியிடம்தான் இருக்கிறது. கூட்டத்தில் எழுதுபவன் அவன். முதல் பக்கத்தில் அக்கா போட்ட கோடும், கார்டின் முன்பக்கம், பின்பக்கம், குரல் பதிவு, அறுபது செய்திகள் என்ற வரிசையும் அப்படியே இருக்கின்றன. எங்கேயும் ஒருவர் பெயர்கூட இல்லை.

செமஸ்டர் புராஜெக்டுக்கு நான்கு பேர் குழுவாகச் சேர்ந்து கடைசி நாளில் அடித்துக்கொள்பவர்கள் எத்தனை பேர் இதைப் படிக்கிறீர்களோ! அடுத்த முறை ஏதாவது சொதப்பினால், வாயில் முதலில் வரும் அந்த 'யாரு?'வை ஒரு டீ குடிக்கும் நேரம் மட்டும் அடக்கிப் பாருங்கள். டீ காசு மிச்சம். ஒருவேளை ஒரு தம்பியும் மிச்சமாகலாம்.